கான்ஃபரன்ஸ் துலூஸில், மூன்று நாள் கிராமத்தில்: முழுமையான வழிகாட்டி

முதல் தடவை தென்மேற்கு பிரான்ஸில் இருக்கும் துலூஸுக்கு ஒரு தொழில்நுட்பக் கருத்தரங்குக்குப் போனபோது, அது முடிந்த கையோடு இரண்டு நாள் லீவு போட்டு வாடகைக் கார் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஆல்பி பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் போய் இறங்கியபோது மணி இரண்டேகால். ஊரில் இருந்த ஒரே சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிவிட்டார். அடுப்பு அணைத்தாயிற்று. எதிரே பேக்கரி மூடல். மளிகைக் கடை செவ்வாய்க்கிழமைதான் திறக்குமாம். கருத்தரங்கில் கொடுத்த துணிப்பையில் கிடந்த இரண்டு பிஸ்கட் பாக்கெட்தான் அன்று மதியச் சாப்பாடு.

அதற்கப்புறம் மூன்று முறை அதே பக்கம் போய் வந்துவிட்டேன். பிரெஞ்சுக் கிராமப்புறத்துக்கு மேப்பைப் பார்த்துத் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். அந்த ஊர்களின் சந்தை நாளையும் சாப்பாட்டு மணியையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மற்றதை அடுக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அப்படி அடுக்கியதுதான்.

துலூஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஏர்பஸ்ஸின் தலைமையகம் இருக்கும் ஊர் என்பதால் நம்மவர்கள் வேலையாக அடிக்கடி போகிற இடம் அது. லியோனுக்கோ போர்தோவுக்கோ போகிறவர்களுக்கும் விசா, கார், சாப்பாடு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. நாளைக் குறிப்பது

சுற்றுலாவைக் கருத்தரங்குக்குப் பிறகு வையுங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் வைத்தால் முடிக்காத ஸ்லைடுகள் கூடவே வரும். திராட்சைத் தோட்டத்தின் நடுவே உட்கார்ந்து சிக்னல் தேடிக்கொண்டிருப்பீர்கள். பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டால் மனசு லேசாகிவிடும்.

புதன் முதல் வெள்ளி வரை நிகழ்ச்சி என்றால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் உங்களுடையவை. செவ்வாய் திரும்பலாம். செலவாவது இரண்டு நாள் லீவு. இதில் சனியும் ஞாயிறும் முக்கியம், ஏனென்றால் இந்தப் பக்கத்தின் நல்ல சந்தைகள் அன்றுதான். நிகழ்ச்சி திங்கள் முதல் புதன் வரை என்றால் வெள்ளி காலை லோத்ரெக் கிராமத்துச் சந்தை கிடைக்கும், அதுவும் மோசமில்லை.

மே மாதம் என்றால் காலண்டரை இரண்டு முறை பாருங்கள். 1, 8 தேதிகள் அரசு விடுமுறை. இயேசு விண்ணேற்பு நாள் எப்போதும் வியாழக்கிழமையில் வரும், அடுத்த நாளையும் சேர்த்து ஊரே லீவு எடுத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் சில நாள் 35 டிகிரியைத் தாண்டும், அறை வாடகையும் ஏறும். என்னைக் கேட்டால் செப்டம்பர். கையாக் என்கிற ஊர்ப் பக்கம் திராட்சை அறுவடை நடக்கும், கூட்டம் குறைந்திருக்கும்.

2. ஆபீஸில் சொல்வது

மறைக்காமல் சொல்லிவிடுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு டிக்கெட் விலையை எடுத்து வையுங்கள்: சனிக்கிழமை திரும்பினால் எவ்வளவு, செவ்வாய்க்கிழமை திரும்பினால் எவ்வளவு. பல நேரம் வாரநாள் டிக்கெட் குறைவாகவே இருக்கும். கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை நான் கட்டுகிறேன் என்று மெயிலிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரிக்கே பெரும்பாலும் ஒப்புதல் வந்துவிடும்.

இரண்டு விஷயம் தப்பிப்போகும். ஒன்று, கம்பெனியின் பயணக் காப்பீடு. அது பெரும்பாலும் அலுவல் நாட்களோடு முடிந்துவிடும். மிச்ச நாளுக்கு நீங்களே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுப் பயணத்துக்கும் ஒரே பாலிசியாக எடுத்துவிடலாம். இன்னொன்று, ஓட்டல் பில். அதே ஓட்டலில் ஒரு ராத்திரி கூடத் தங்கினால்கூட, செக்-இன் செய்யும்போதே இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு ஒரே பில்லைப் பிரித்துத் தரச் சொல்லி மெயில் அனுப்பிக்கொண்டிருப்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

3. விசா

பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாதான். பயணத்தின் முக்கிய நோக்கம் கருத்தரங்கு, ஆகவே வணிகப் பயணம் என்றே விண்ணப்பியுங்கள். சுற்றிப் பார்க்கும் நாட்களை மட்டும் ஒளிக்கக் கூடாது. அழைப்புக் கடிதத்தில் மூன்று நாள், டிக்கெட்டில் ஏழு நாள் என்றிருந்தால் கேள்வி வரத்தான் செய்யும். மிச்ச நாட்களுக்கு லீவு அனுமதித்ததாக ஆபீஸ் கடிதத்தில் ஒரு வரி, கிராமத்து அறையின் முன்பதிவு, நாள்வாரியாக அரைப்பக்கப் பயணத் திட்டம், இவை போதும். மொத்தத் தேதிக்கும் விசா கேளுங்கள்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் எடுத்ததாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை 6 மாதம் முன்பே கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. கோடை நெருங்கினால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, எனவே பேப்பர் ஏற்கப்பட்ட அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பிராங்பர்ட் வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை பிராங்பர்ட்டிலேயே நடக்கும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிய ஆரம்பித்திருக்கிறார்கள், வரிசை நீளலாம். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். அழைப்புக் கடிதமும் அறை முன்பதிவும் கைப்பையில் இருக்கட்டும்.

4. எங்கே தங்குவது

மூன்று நாளில் மூன்று ஊரில் தங்கப் பார்க்காதீர்கள். கையாக்குக்கும் கோர்த்-சூர்-சியெலுக்கும் நடுவே எங்காவது ஒரே வீடு, மூன்று ராத்திரி. அங்கிருந்து ஆல்பியும் கோர்த்தும் அரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும்.

இங்கே மூன்று சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஜீத்’ என்றால் வீட்டையே வாடகைக்கு விடுவது, சீசனில் வாரக்கணக்கில்தான் தருவார்கள். ‘ஷாம்ப்ர் தோத்’ என்றால் வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே அறை தருவது. சட்டப்படி ஐந்து அறைக்கு மேல் கூடாது, காலைச் சாப்பாடு வாடகையில் சேர்ந்தது. ‘தாப்ல் தோத்’ என்றால் அதே வீட்டில் இரவுச் சாப்பாடும் உண்டு: எல்லா விருந்தாளிகளும் ஒரே மேசையில், வீட்டுக்காரர்களோடு, அன்று சமைத்ததையே சாப்பிடுவது. இந்த மூன்றாவது எனக்குப் பிடித்தது. சைவம் என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுதிவிட்டால், கடையைத் தேடி இருட்டில் கார் ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் தினமும் இருக்காது, முன்கூட்டியே சொல்லாவிட்டால் கிடைக்காது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ஆறு என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்குப் போய் நிற்காதீர்கள், அது ஓட்டல் ரிசப்ஷன் இல்லை.

5. காரா, ரயிலா

ஆல்பி, கையாக், கர்கசோன் எல்லாம் துலூஸின் மத்தாபியோ ஸ்டேஷனிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில் தூரம். வண்டி ஓட்டத் தயக்கம் என்றால் ஆல்பியில் அறை எடுத்து, ரயிலிலும் நடையிலுமே மூன்று நாளை நிறைவாகக் கழிக்கலாம். கோர்த்துக்கும் ரயில் உண்டு, ஆனால் ஸ்டேஷன் மலைக்குக் கீழே வேந்த்ராக்கில், ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. கிராமத்தில் நின்றுகொண்டு ஆப்பில் டாக்சி கூப்பிட முடியாது, முதல் நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி இறங்காதீர்கள்.

கார் என்றால், நம் லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் தருவார்கள், ஓராண்டு செல்லும். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே குறிப்பிட்டு எடுங்கள், அங்கே கியர் வண்டிதான் அதிகம். முன்பணத்தைப் பிடித்து வைக்க, ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஊருக்குள் இருக்கும் வாடகைக் கார் ஆபீஸ்கள் மதியம் மூடும், ஞாயிறு திறக்காது. சனி காலை ஒன்பது மணிக்கு எடுப்பதாகப் பதிவு செய்யுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது நினைத்த அளவு கஷ்டமில்லை. நம் ஊரில் போலவே ஓட்டுநர் எப்போதும் நடுக்கோட்டை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஆபத்து எங்கே என்றால், ஆளில்லாத சந்தில் இடது பக்கம் திரும்பும்போதும், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும். கை தானாகப் பழைய பக்கம் போய்விடும்.

சாலையில் மூன்று விஷயம். சிவப்பு விளிம்போடு ஊர்ப்பெயர்ப் பலகை வந்தால் அதுவே 50 கிலோமீட்டர் வேக வரம்பின் அறிவிப்பு, தனியாக 50 என்று எழுதியிருக்காது. அதே பெயரைக் குறுக்கே அடித்த பலகை வந்தால் ஊர் முடிந்தது. வெளியே இருவழிச் சாலையில் பொதுவாக 80. இரண்டாவது, ஊருக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை, அவர் டிராக்டரில் வந்தாலும் சரி. மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. மூன்றாவது, பங்க்கில் ‘காஸோல்’ என்று எழுதியிருப்பது டீசல். பெயரைப் பார்த்துப் பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளில்லாத சூப்பர் மார்க்கெட் பங்க்கில் கார்டைப் போட்டதும் பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், ஃபாரெக்ஸ் கார்டில் அதற்கு மிச்சம் இருக்க வேண்டும்.

6. கருத்தரங்கு நாட்களின் சாயங்காலம்

கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஓட்டலில் முடங்காமல் நடந்து போய் அசேஸா மாளிகையைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் பியேர் தசேஸா என்கிற வியாபாரி கட்டியது. அவருக்குப் பணம் கொட்டியது ஓர் இலையிலிருந்து. பாஸ்தெல் என்கிற அந்தச் செடியின் இலையை அரைத்து, உருண்டை பிடித்துக் காயவைத்து, நீலச் சாயம் எடுத்தார்கள். துலூஸ், ஆல்பி பக்கமெல்லாம் இந்த உருண்டைகளால் செழித்தது.

அந்த வியாபாரத்தைக் கவிழ்த்ததில் நம் அவுரிக்குப் பெரும் பங்கு உண்டு. கப்பலில் வந்திறங்கிய இந்திய அவுரி அதே நீலத்தை இன்னும் அடர்த்தியாகத் தந்தது. மதப்போர்களும் சேர்ந்துகொள்ள பாஸ்தெல் சரிந்தது. 1609இல் மன்னர் நான்காம் ஹென்றி, அவுரியைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்றே உத்தரவு போட்டார். அவுரி நின்றபாடில்லை. திண்டிவனம் பக்கத்து அவுரிக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த முற்றத்தில் நிற்கும்போது ஒரு குறும்புச் சிரிப்பு வராமல் போகாது.

அரை நாள் ஓய்வு கிடைத்தால் கர்கசோன் கோட்டைக்கு ரயிலில் போய் வந்துவிடலாம். அதற்காக மூன்று நாளில் ஒன்றைச் செலவழிக்காதீர்கள். நண்பகலில் அங்கே நினைவுப்பொருள் கடைகளும் கூட்டமும்தான்.

7. சனி, ஞாயிறு, திங்கள்

சனி காலை நேராக ரெவெல். துலூஸிலிருந்து ஒரு மணி நேரம். ஊர் நடுவே 14ஆம் நூற்றாண்டு மரக்கூரை மண்டபம், அதன் கீழும் சுற்றிலும் சந்தை. பன்னிரண்டரைக்கெல்லாம் கட்டி எடுத்துவிடுவார்கள், பத்தரைக்குள் போய்விடுங்கள். கடைக்காரரிடம் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லாமல் விலை கேட்காதீர்கள். அங்கே அது வணக்கம் மட்டுமில்லை, பேச்சைத் தொடங்க அனுமதி. பழத்தை நாமே அழுத்திப் பார்த்து எடுக்கும் வழக்கமும் வேண்டாம். மெலான் வாங்கும்போது இன்றைக்கா, நாளைக்கா என்று கேட்டு அவரே முகர்ந்து பார்த்து எடுத்துத் தருவார்.

ரெவெலுக்குப் பக்கத்திலேயே சேன்-ஃபெரெயோல் ஏரி. சாதாரண ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் 240 கிலோமீட்டர் நீளக் கால்வாய்க்கு (‘கனால் த்யூ மீதி’ என்று பெயர்) இதுதான் உயிர். கால்வாய் வெட்டுவது பெரிய காரியமில்லை, நடுவே மேடு இருக்கிறதே, அந்த மேட்டின் உச்சியில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்கமும் வடிந்துவிடும். உப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த பியேர்-போல் ரிக்கே இதற்கு வழி சொன்னார்: கறுப்பு மலையின் ஓடைகளையெல்லாம் திருப்பி ஓரிடத்தில் தேக்கி, வாய்க்கால் போட்டு உச்சிக்குக் கொண்டுவருவது. 1667இல் அணை வேலை தொடங்கியது. 1681இல் கால்வாய் திறந்தபோது ரிக்கே இல்லை, முந்தைய வருடமே இறந்துவிட்டார். கரைமேல் நடந்தால் நம் ஊர் ஏரிக்கரை ஞாபகம் வரும், மதகுப் பக்கம் இறங்கிப் பார்க்கவே தோன்றும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் நோரூஸ் மேட்டில் ஒரு பாதி அட்லாண்டிக் பக்கமும் மறுபாதி மத்தியதரைக் கடல் பக்கமும் பிரிகிறது.

சைக்கிள் பிரியர்கள் துலூஸிலிருந்தே கால்வாயோரம் தார் போட்ட பாதையில் போகலாம். ஓத்தான் என்கிற தென்கிழக்குக் காற்று வீசும் நாளாக இருந்தால் வேண்டாம், போகும்போது முழுக்க எதிர்க்காற்று. பித்துப் பிடிக்க வைக்கும் காற்று என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

மதியத்துக்கு மேல் லோத்ரெக். இளஞ்சிவப்புப் பூண்டுக்குப் பேர்போன குன்றுக் கிராமம், தண்டோடு சேர்த்துக் கட்டிய கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து தங்கும் வீட்டுக்கு.

ஞாயிறு காலை சேன்-அந்தோனான்-நோப்ல்-வால். அவெரோன் ஆற்றங்கரையில் பாறைச் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஊர். சந்தை தெருக்கள் முழுக்கப் பரவிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் கார் நிறுத்த இடமிருக்காது, ஒன்பதுக்கே போய்விடுங்கள். அன்று மதியத்துக்கும் ராத்திரிக்கும் திங்கள் காலைக்கும் வேண்டியதை அங்கேயே வாங்கிவிட வேண்டும்: ரொட்டி, கையகலத்தைவிடச் சின்னதான ரோகமதூர் ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, பழம். ஒரு சின்னக் கத்தியும் துணியும் இருந்தால் ஆற்றங்கரையே சாப்பாட்டு மேசை. கத்தி செக்-இன் பெட்டியில்.

கோர்த்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1222இல் துலூஸ் பிரபு ஏழாம் ரெமோன் குன்றின் மேல் உருவாக்கிய ஊர். ‘வானத்தின் மேல்’ என்று பொருள்படும் பின்னொட்டு 1993இல்தான் பெயரில் சேர்ந்தது. இலையுதிர் காலக் காலைகளில் பள்ளத்தாக்கில் மூடுபனி நிரம்பி ஊர் மட்டும் மிதப்பது போலத் தெரியும், அதனால் அந்தப் பெயர். காரைக் கீழே விட்டுவிட்டு உருளைக்கல் பாதையில் ஏற வேண்டும். நல்ல செருப்பு அவசியம், கான்ஃபரன்ஸ் ஷூ வழுக்கும். உச்சியில் சந்தை மண்டபத்துக்குள் 100 மீட்டருக்கு மேல் ஆழமான ஒரு கிணறு. முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்று தோண்டியதாம். ஆறு மணிக்கு மேல் பஸ் கூட்டம் இறங்கிப் போய்விடும். அப்புறம் சுவரோரம் உட்கார்ந்தால் கீழே யார் வீட்டு நாயோ குரைப்பது மட்டும்தான் கேட்கும்.

திங்களில் பல கடைகளும் சில அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். கதீட்ரல் திறந்திருக்கும், ஆகவே அன்று ஆல்பி. துலூஸ்-லோத்ரெக் என்கிற ஓவியரின் அருங்காட்சியகம் சில மாதங்களில் திங்கள் விடுமுறை, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் செசிலியா கதீட்ரல் 1282இல் தொடங்கியது, முழுக்கச் செங்கல். வெளியிலிருந்து பார்த்தால் கோயிலாகத் தெரியாது, கோட்டை. கத்தார் என்கிற மாற்று நம்பிக்கைக் கிறிஸ்தவர்கள் மீது நடந்த சிலுவைப் போர் ஓய்ந்து, இன்னும் நெருப்பு அணையாத காலத்தில், ‘இங்கே யார் பெரியவர்’ என்று சொல்லக் கட்டியது. அந்தக் கடுமையான சுவரைத் தாண்டி உள்ளே போனால் ஓர் அங்குலம் விடாமல் வண்ணம். மேற்குச் சுவரில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த இறுதித் தீர்ப்பு. புண்ணியவான்கள் மேலே, பாவிகள் கீழே கொப்பரையில். எல்லோரும் இருக்கிறார்கள், நடுவே தீர்ப்புச் சொல்ல வேண்டியவரை மட்டும் காணோம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பின்னால் ஒரு சிற்றாலயத்துக்கு வழி வேண்டுமென்று நடுப்பகுதியை இடித்துவிட்டார்கள். கழுத்து வலிக்கும்வரை அங்கே நிற்பேன் நான்.

8. சைவக்காரர்களின் கவனத்துக்கு

தென்மேற்கு பிரான்ஸ் வாத்து நாடு. இறைச்சியை ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வறுத்த உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் பொரிந்திருக்கலாம், அவரைக்கொட்டைப் பானையான கசூலேயில் வாத்தும் தொத்திறைச்சியும் உள்ளேயே இருக்கும். பச்சை சாலட்டிலும் பன்றித் துண்டு தூவியிருப்பார்கள். ‘ஜெ நெ மாஞ்ச் நி வியாந்த் நி ப்வாசோன்’, இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், என்று சொன்ன பிறகு ‘சான் லார்தோன்’, பன்றித்துண்டு இல்லாமல், என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட், ஆம்லெட், பக்வீட் மாவில் சுட்ட கலெத் எளிதாகக் கிடைக்கும். கலெத்தை ஓரம் மொறுமொறுவென்று சுட்டுத் தரும்போது நம் தோசைக்கல் ஞாபகம் வரும். சீஸில் விலங்கு ரென்னெட் (பாலைத் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள்) இருப்பது சாதாரணம், அதைப் பார்க்கிறவர்கள் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். ராத்திரி ஏழரைக்கு முன் அடுப்பு பற்றாது. ‘ஊன் கராஃப் தோ’ என்று கேட்டால் குடிதண்ணீர் காசில்லாமல் வரும், வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து பில்லில் சேர்த்துவிடுவார்கள்.

9. பெட்டி, லேப்டாப், திரும்புதல்

போஸ்டர் போடுகிறவர்கள் துணியில் அச்சடித்துக்கொண்டு போங்கள், மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு கோர்த் மலை ஏறிய ஒருவரை எனக்குத் தெரியும். கோட்டு, புத்தகம், நினைவுப் பரிசு எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு, திங்கள் ராத்திரிக்கும் துலூஸில் அதே ஓட்டலில் அறை எடுத்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். அப்படியானால் கிராமத்தில் இரண்டு ராத்திரிதான், ஆனால் செவ்வாய் காலை விமானம் என்றால் இதுவே நிம்மதி. லேப்டாப்பை மட்டும் காரில் விட்டுப் போகாதீர்கள், டிக்கியில்கூட.

காரைத் திருப்பும் முன் டேங்க்கை நிரப்பி, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், சக்கரத்தையும், மீட்டரையும் போனில் படம் எடுங்கள். ஒரு தடவை வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, கதவில் கீறல் என்று கார்டிலிருந்து பணம் எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்றே அந்தக் கீறல் இருந்த படத்தை அனுப்பினேன், பத்து நாளில் திரும்பி வந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் ரெவெல் சந்தையில் வாங்கிய மெலானும் விழுந்திருந்தது.